பாம்புச் சட்டையும் பாடப் புத்தகமும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே மாமல்லபுரம் வரையிலும், அங்கிருந்து வடக்கே திருப்போரூர், கோவளம் வரையிலும், ஏரிக்கரைகளிலும் சவுக்குத் தோப்புகளின் ஓரங்களிலும் பத்துப் பதினைந்து குடிசைகளாகச் சிதறிக் கிடக்கும் இருளர் குடியிருப்புகளில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும் வேலையை, அரசுப் பள்ளி ஒன்றில் உபாத்தியாயராக இருந்த காலத்திலேயே நான் மேற்கொண்டு, ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் நடத்தி வருகிறேன். இதற்குச் சம்பளம் இல்லை. சில சமயம் பாராட்டு உண்டு. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றைப் பாராட்டுவதற்காக வந்தவர்கள் தவறுதலாக என்னைப் பாராட்டிவிட்டுப் போவதும் உண்டு.

இந்தப் பிள்ளைகளின் நிலைமையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; அதைச் சொல்லாமல் பாரம்பரியம், பண்பாடு என்று பேசத் தொடங்கினால் பேச்சு இனிமையாகவும் பொய்யாகவும் ஆகிவிடும். மழைக்காலம் ஓய்ந்ததும் தாய் தகப்பன்மார் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கோ சவுக்கு வெட்டுக்கோ குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவார்கள். தை மாதத்தில் வகுப்பில் இருந்த பையன் பங்குனியில் இருக்க மாட்டான். ஆனியில் திரும்பி வரும்போது அவனுக்குப் பெருக்கல் வாய்பாடு பாதி மறந்திருக்கும். இத்தனையையும் கடந்து பத்தாம் வகுப்பைத் தாண்டுகிறவனுக்கோ பழங்குடிச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு; ஏரிக்கரைப் புறம்போக்கிலே பிறந்து அந்தப் புறம்போக்கிலேயே மாண்டுபோன பாட்டனுக்கு எழுத்து ஆதாரம் கொண்டு வா என்றால் அவன் எங்கே போவான்? இவற்றுக்கெல்லாம் மேலாக, பள்ளிக்கூடத்திலே, எலி தின்கிறவன், பாம்பு பிடிக்கிறவன் என்ற ஏச்சு. ஒரு பள்ளியில், அதன் பெயர் இங்கே வேண்டாம், மதிய உணவு வரிசையில் இருளப் பிள்ளைகள் தாமாகவே கடைசியில் போய் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களை அப்படி நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை என்று தலைமையாசிரியர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

இப்படிப்பட்ட ஒரு பையன், ஊர்வன என்ற பாடம் நடக்கும்போது, ‘ஊர்வனவற்றின் பொதுப் பண்புகள் யாவை?’ என்ற கேள்விக்கு வாய் திறவாமல் நிற்பான். அதே பையன் சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு வளையைக் கண்டால் அதன் வாயிலில் குந்தி உட்கார்ந்து, நூலாம்படை படிந்திருந்தால் சில நாட்களாக எதுவும் போய்வரவில்லை என்றும், புதுமண் தள்ளிக் கிடந்தால் எலி குடியிருக்கிறது என்றும், மண் வழவழவென்று அழுந்தி எலிப்புழுக்கை ஒன்றும் காணாவிட்டால் கடப்பாரையைப் போடுமுன் யோசிக்க வேண்டும் என்றும் சொல்லுவான். பிரத்தியட்சம், அனுமானம் என்று நம்முடைய தர்க்க சாஸ்திரக்காரர்கள் பிரித்துச் சொன்ன இரண்டும் அந்தக் குந்தலிலே அடங்கியிருக்கின்றன. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் உதாரணத்தைக் கல்லூரியில் படித்து மனப்பாடம் செய்த எனக்கு, நூலாம்படையைக் கண்டு எலி இல்லாமையை ஊகிக்கும் உதாரணத்தைப் பத்து வயதுப் பையன் காட்டினான். ஆகவே அவனிடம் இல்லாதது கவனிக்கும் சக்தி அன்று. கவனித்ததைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு வரலாம் என்ற அனுமதியை ஒருவரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அதைக் கொடுப்பதற்காகவே ஏற்பட்டது.

இருளர்களின் தொழில் சரித்திரத்தைச் சற்றே சொல்ல வேண்டும். இவர்கள் மகுடி ஊதிப் பாம்பை ஆட்டும் பாம்பாட்டிகள் அல்லர். வயலில் எலி பிடித்தும், தோலுக்காகப் பாம்பு பிடித்தும், மூலிகையும் தேனும் ஈசலும் சேகரித்தும் பிழைத்தவர்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாம்புத் தோலுக்கு வெளிநாட்டிலே பெரும் கிராக்கி இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் தோல் ஏற்றுமதிக்கே தடை வந்தது. அந்தத் தடை நியாயமானதுதான்; ஆனால் அதனால் ஒரே நாளில் பல குடும்பங்களுக்குத் தெரிந்த முக்கியமான வித்தை குற்றமாகிவிட்டது. அப்பொழுது பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோருடைய முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டு, வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்துக்குள் வேலையைத் தொடங்கிற்று. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு அதைக் காட்டிலேயே விட்டுவிடுவது அங்கே முறை. அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டு வராமலிருக்க அடிவயிற்றுச் செதிளில் சிறு அடையாளம் வெட்டி அனுப்புகிறார்கள். தேசத்திலே விஷமுறிவு மருந்து தயாரிக்கும் கம்பெனிகளுக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு நெடுங்காலமாக இந்தச் சிறு சங்கத்திலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது, அதற்கு முன்னரே அவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்துச் சதுப்பு நிலத்தில் மலைப்பாம்பு தேடிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் என்ற செய்தியும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாயிற்று. அந்த விஷயத்தில் நான் பூகோளம்தான் நடத்தினேன். மற்றதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வகுப்பில் பாம்பைத் தொடுவதில்லை. அதற்குச் சட்டம் இடங்கொடாது, எனக்கும் தைரியம் போதாது. ஆனால் பாம்புச் சட்டையைத் தடுப்பார் இல்லை. பிள்ளைகள் வரும் வழியிலே வேலியோரத்திலும் கரையான் புற்றடியிலும் கிடந்ததைக் கொண்டு வருவார்கள். ஒரு சட்டையைத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் பரப்பி, கையிலுள்ள லென்ஸை ஒவ்வொருவராக வாங்கிப் பார்க்கச் செய்வேன். முதலில் அவர்கள் கவனிப்பது கண்ணை. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் ஒரு கண்ணாடிச் செதிள் மூடியிருக்கிறது, சட்டை கழலும்போது அதுவும் சேர்ந்து கழன்று வந்துவிடும், ஆகவே சட்டையின் தலைப்புறத்தில் இரண்டு வட்டமான தெளிந்த சில்லுகள் தெரியும். சட்டை கழற்றுமுன் பாம்புக்குக் கண் மங்கிப் போவதை எல்லாரும் அறிவார்கள். அது ஏன் என்பது லென்ஸின் அடியில் விளங்கிற்று. பிறகு முதுகு. கட்டுவிரியனின் நடுமுதுகில் ஓடும் செதிள் வரிசை மற்றவற்றைவிடப் பெரிதாகவும் ஆறு மூலையாகவும் இருக்கும். அதைப் போலவே வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு மனிதரை ஏமாற்றும் விஷமற்ற பாம்புக்கு அந்த வரிசை இல்லை. கண்ணாடிவிரியனின் செதிளில் நடுவே ஒரு மேடு ஓடும்; நல்லபாம்பின் செதிள் வழவழப்பு. சுருட்டைவிரியன் உடம்பைச் சுருட்டி ஒன்றோடொன்று உரசி அரம் அறுப்பது போன்ற சப்தம் எழுப்புவது அதன் பக்கச் செதிள்களிலுள்ள பற்களால் என்பதைத் தாங்களே சொன்னார்கள். நான் அந்தப் பல்லை மாத்திரம் காட்டினேன்.

அதற்குப் பிறகு கணக்கு. அடிவயிற்றில் குறுக்கே நீண்டு கிடக்கும் பட்டைச் செதிள்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே முதுகெலும்பில் ஒரு கணு உண்டு. ஆகவே கழுத்திலிருந்து மலத்துவாரம் வரையிலுள்ள பட்டைகளை எண்ணினால், பாம்பைத் தொடாமலேயே, அதைப் பாராமலேயே, அதன் உடலில் எத்தனை முள்ளெலும்புகள் என்று சொல்லிவிடலாம். மனிதனுக்கு முப்பத்துச் சொச்சம். சாரைக்கு இருநூறை ஒட்டி வரும். எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். எண்ணிக்கை ஒருவருக்கொருவர் மாறும். மாறியவர்கள் மறுபடி எண்ண வேண்டும். மூன்றாம் தடவையும் மாறினால் எங்கே தொடங்குவது என்ற வரையறை ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கிறது என்பது தெரியவரும். அளவு என்பது முதலில் ஓர் உடன்படிக்கை என்று பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடத்தை எந்தப் புத்தகத்தாலும் அவ்வளவு சீக்கிரம் கற்பிக்க முடியாது. சட்டையின் நீளத்தை அளந்து, பாம்பு இவ்வளவு நீளம் என்று ஒருவன் எழுதியபோது, அங்கே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “சட்டை இழுபட்டு நீண்டு போவும் வாத்தியாரே, பாம்பு அத்தினி நீளம் இருக்காது” என்றார். அது சரி. அதை அவர் எப்படி அறிந்தார் என்று கேட்டேன். உரிக்கும்போது பிடித்துப் பார்த்திருக்கிறார்.

‘எப்படித் தெரியும்?’ என்ற இந்தக் கேள்விக்காகத்தான் எங்கள் வகுப்பில் நோட்டுப் புத்தகத்தின் நடுவிலே ஒரு கோடு போட்டு, இடப்பக்கத்தில் தாத்தாவோ பாட்டியோ சொன்னதையும், வலப்பக்கத்தில் அவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் எழுதச் சொல்லி வைத்திருக்கிறேன். பாடப் புத்தகத்திலுள்ள வாக்கியத்தை எடுத்துக்கொண்டாலும் இதே கோடுதான். இதற்கு எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. படிப்பாளிகள் சிலர், பழங்குடிப் பெரியவரைக் கேள்வி கேட்பது அவமரியாதை, அவர்கள் சொல்வதை அப்படியே பதிவு செய்து போற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு சாரார், அரும்பாடுபட்டு மூடநம்பிக்கையிலிருந்து விடுவிக்க வேண்டிய பிள்ளைகளைத் திரும்பவும் அதற்குள்ளேயே தள்ளுகிறேன் என்றார்கள். கூட்டங்களில் மாலை போட்டுக்கொண்டு, விஞ்ஞானிகள் இன்று கண்டதையெல்லாம் இவர்கள் முன்னோர் அன்றே கண்டார்கள் என்று முழங்கும் கனவான்களிடத்தில் எனக்குப் பிரியம் இல்லை. அந்த முழக்கம் முடிந்ததும் அவர்கள் இருளரிடத்தில் ஒரு விஷயமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே காரில் ஏறிவிடுகிறார்கள். கேட்பதுதான் ஒருவருடைய அறிவுக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன். அறிஞர்களின் சபையில் அப்படித்தான் நடக்கிறது.

சாரைப்பாம்பு விஷயம் இதற்கு நல்ல உதாரணம். சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் பின்னிப் பிணையும் என்று நம் ஊர்களில் படித்தவர்களும் சொல்வார்கள். பிணையும்போது மேலே வேட்டியைப் போட்டால் செல்வம் வரும் என்றுகூடச் சொல்வார்கள். வகுப்பில் ஒரு நாள் நான் இதை எடுத்தபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். “அது ரெண்டும் ஆம்பளச் சாரை சார், சண்டை போடுது” என்றாள் ஒரு பெண். சாரையிலே ஆணும் உண்டு, முட்டையிடும் பெண்ணும் உண்டு, நல்லபாம்பிலும் அப்படியே. இரண்டையும் கையாண்டவர்களுக்கு இதில் சந்தேகம் எழக் காரணமே இல்லை. விஞ்ஞானிகளும் அதைப் போர் நடனம் என்றே கண்டிருக்கிறார்கள். மூடநம்பிக்கை ஊருக்குள்ளே இருந்தது. அறிவு ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில் இருந்தது.

ஆனாலும் எல்லாம் இப்படி நமக்குச் சாதகமாகவே முடியும் என்று எண்ணலாகாது. மூலிகை விஷயத்துக்கு வருகிறேன். இருளப் பெண்கள் மூலிகை அறிவில் தேர்ந்தவர்கள். தண்டரையிலே இருளர் பழங்குடி மகளிர் சங்கமொன்று மூலிகைத் தோட்டம் வைத்து நடத்துகிறது. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் அவர்கள் சொல்லும் பச்சிலைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. பாம்புக்கடிக்கு வேர் கொடுத்துப் பிழைக்க வைத்த கதைகள் ஒவ்வொரு குடியிருப்பிலும் உண்டு. அவற்றைச் சொல்பவர்கள் பொய் சொல்பவர்கள் அல்லர். அப்படியானால் அந்த வேரைப் பரீட்சிப்பது எப்படி? கடித்த பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில தடவை விஷத்தை இறக்காமலே பல்லை மாத்திரம் பதித்துவிட்டுப் போகும். இப்படிக் கடிபட்டவர்கள் வேர் தின்றாலும் பிழைப்பார்கள், வெல்லம் தின்றாலும் பிழைப்பார்கள். வேர் தின்று பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது. வேர் தின்று இறந்தவர்களையும், தின்னாமல் பிழைத்தவர்களையும், தின்னாமல் இறந்தவர்களையும் எண்ணி நான்கு கட்டத்தில் எழுத வேண்டும். பலகையில் நான்கு கட்டம் போட்டுவிட்டு நான் நிறுத்திக்கொள்வேன். பெரியவர்களிடம் கேட்டு அந்தக் கட்டங்களை நிரப்பப் போன பிள்ளைகளுக்கு முதல் கட்டம் மாத்திரம் நிரம்பும். மற்ற மூன்றையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதை அவர்களே வந்து சொல்வார்கள்.

இதில் எனக்கு எதிர்பாராத துணை பாம்பு பிடிக்கிறவர்களிடமிருந்தே கிடைத்தது. சங்கத்திலே வெகுகாலம் வேலை செய்த ஒருவர் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னார்: “கட்டுவிரியன் கடிச்சா கடிச்ச எடமே தெரியாது கண்ணு. ராத்திரி தரையில படுத்தவன், வயிறு வலிக்குதுன்னு எழுந்து, விடியக்காலம் இமையைத் தூக்க முடியலன்னா அதான். அதுக்கு எந்த வேரும் கேக்காது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.” இமை தொங்குவது ஏன் என்ற கேள்வி அங்கேயே பிறந்தது, நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இடத்தை அந்த விஷம் அடைக்கிறது என்று நான் படம் போட்டுச் சொன்னேன். பதினோராம் வகுப்புப் பாடத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்குக் கேட்டார்கள். கேட்டதற்குக் காரணம் என் படம் அன்று, அந்த இமை.

கண்ணாடிவிரியன் வேறு விதம். அதன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. இதை அறிய ஆஸ்பத்திரியில் செய்யும் சோதனை மிகவும் எளிதானது: நோயாளியின் ரத்தம் சிறிதைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள், உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். இதை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கசாப்புக் கடையிலே செய்தோம். கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்து, அறுத்த ஆட்டின் ரத்தத்தை இரண்டு குழாய்களில் வாங்கி, ஒன்றில் பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டு போன சோடியம் சிட்ரேட் கரைசலைக் கொஞ்சம் கலந்தோம். சாதாரணக் குழாயில் ரத்தம் கட்டித் தயிராக நின்றது. மற்றது சாய்த்த பக்கமெல்லாம் ஓடிற்று. சிட்ரேட் செய்வது ஒன்று, விஷம் செய்வது வேறு. முன்னது ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, விஷமோ உறைவதற்கு வேண்டிய சரக்கையே செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தை நான் வற்புறுத்திச் சொன்னேன். ஒத்த தோற்றம் ஒத்த காரணத்தால்தான் வரும் என்று எண்ணும் பழக்கம் பெரியவர்களிடத்தில்கூட இலேசாகப் போவதில்லை. கறி வாங்க வந்தவர்கள் எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்து, அவர்களில் இருவர் கேள்வியும் கேட்டார்கள். பதில் சொன்னது இருளப் பிள்ளைகள்.

வருஷத்துக்கொரு முறை சங்கத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். மண் பானைகளில் துணி கட்டி வைத்திருக்கும் பாம்புகளும், கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் கட்டிய மெல்லிய சவ்வைப் பல் துளைத்ததும் சொட்டும் மஞ்சள் திரவமும், அவர்கள் வீட்டில் கேட்டுப் பழகிய விஷயம். நான் சேர்ப்பது அதற்குப் பிந்திய கதையை: அந்த விஷம் உறையவைத்து உலர்த்தித் தூளாகப் போவதும், குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றப்படுவதும், குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாவதும், அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரரான கால்மெட் காட்டிய வழி இன்றைக்கும் அடிப்படையில் அதுவேதான். இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பது 2020-இல் வெளியான ஆராய்ச்சியின் மதிப்பு. உலக சுகாதார ஸ்தாபனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு பையன், இங்கே பிடித்த பாம்பின் விஷத்தால் செய்த மருந்து ராஜஸ்தானத்துப் பாம்புக்கும் கேட்குமா என்று கேட்டான். ஒரே ஜாதிப் பாம்பின் விஷமே பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறுகிறது என்றும், அதனால் மருந்தின் பலனும் குறைகிறது என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் அண்மைக் காலத்தில் கண்டு சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவன் யாரிடமும் படிக்கவில்லை. மேட்டுநிலத்துச் சுருட்டை வேறு, கடற்கரைச் சுருட்டை வேறு என்று அவன் சித்தப்பா சொல்வதைக் கேட்டிருந்தான்.

பாம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இருளர் என்றால் பாம்பு என்ற எண்ணம் படிக்கிறவர்களுக்கு உறுதிப்பட்டுவிடும். எனவே மாசி மகத்தைச் சொல்கிறேன். மாசி மாதத்துப் பௌர்ணமியில் பல ஜில்லாக்களிலிருந்தும் இருளர்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் வந்து கூடி, மணலிலே கன்னியம்மனுக்குப் பூசை போட்டு, திருமணங்களையும் பேசி முடித்து, அங்கேயே சிலவற்றை நடத்தியும் விடுவார்கள். இரவு முழுவதும் திறந்த வானத்தின் கீழ் இருக்கும் அந்தக் கூட்டத்தை விட நல்ல வானசாஸ்திர வகுப்பு எந்தப் பள்ளிக்கும் வாய்ப்பதில்லை. சூரியன் மேற்கே விழும் வேளையில் சந்திரன் கிழக்கே கடலிலிருந்து எழுவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். இரண்டும் எதிரெதிர் நின்றால்தான் பூரணச் சந்திரன் என்பது அப்பொழுது சித்திரம் இல்லாமலே விளங்கும். சூரியன் கும்பத்தில் இருக்கும் மாதத்தில் எதிரே சிம்மம் இருக்க வேண்டும். சிம்மத்தின் பிரகாசமான நட்சத்திரம் மகம். ஆகவே சந்திரனுக்கு அருகே மகத்தைத் தேடு என்பேன். நிலவின் ஒளியில் மற்ற நட்சத்திரங்கள் மங்கினாலும் அது தெரியும். பண்டிகையின் பெயரே ஒரு வானியல் அவதானம் என்பதை அந்தக் கண்கள் சரிபார்த்துவிடும். மாலையில் அலை ஏறிய இடத்தில் ஒரு குச்சியை நட்டு, இரவில் மறுபடி பார்த்து, பத்து நாள் கழித்து நிலவு தேய்ந்த பிறகு வந்து ஒப்பிட்டால் ஏற்றத்தின் வித்தியாசமும் தெரியும். நம் கரையில் ஓதம் சுமார் 3 அடிதான், ஆனாலும் சாய்வான மணலில் அந்த 3 அடி வெகுதூரம் ஓடிவரும்.

இந்த இடத்தில் ஹவாய்த் தீவுக்காரர்களை நினைத்துக்கொள்வேன். நட்சத்திரத்தையும் அலையையும் பறவையையும் கொண்டே கடல் கடந்த தங்கள் முன்னோரின் வித்தை மறைந்துவிட்டதென்று எண்ணியிருந்தவர்கள், ‘ஹோக்குலேயா’ என்ற இரட்டைத் தோணியைக் கட்டி, 1976-இல் கருவிகள் இல்லாமலே தஹித்தித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழிகாட்டியவர் மைக்ரோனேசியாவிலுள்ள சத்தவால் தீவைச் சேர்ந்த மௌ பியாயிலுக் என்பவர். தம்முடைய தீவில் வித்தை உயிரோடிருந்ததால், அதை அயல் தீவுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். அதன் பின் அங்கே வானசாஸ்திரமும் கடல் சாஸ்திரமும் அந்தத் தோணியைக் கொண்டே கற்பிக்கப்படுகின்றன. அவர்களுடைய காரியம் பெரிது. பணமும் பல்கலைக்கழகமும் உண்டு. எங்களுக்கு ஒரு குச்சியும் மணலும்.

கடைசியாக ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். நோட்டுப் புத்தகங்கள் நிரம்ப நிரம்ப, அவை யாருடைய சொத்து என்ற கேள்வி எழுந்தது. 1987-இல் அகஸ்தியமலைக் காட்டில் ஆராய்ச்சிக்குப் போனவர்களுக்குக் காணிப் பழங்குடியினர் களைப்பு நீங்க ஆரோக்கியப் பச்சை என்ற செடியின் காயைத் தின்னக் காட்டியதும், அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உண்டாக்கியதும், கிடைத்த பணத்தில் பாதி காணிகளுக்கென்று ஓர் அறக்கட்டளை ஏற்பட்டதும் பலரும் அறிந்த கதை. பங்கு கொடுத்தது சிறப்பு. ஆனால் செடியின் பெயர் வெளியே போன பிறகு காட்டிலே அதைப் பிடுங்க வந்தவர்கள் காணிகள் மாத்திரம் அல்லர். அதனால் எங்கள் வகுப்பில் மூலிகை நோட்டுப் புத்தகங்கள் குடியிருப்பை விட்டு வெளியே போவதில்லை என்று பாட்டிமார்கள் தீர்மானம் செய்தார்கள். விஞ்ஞானக் கண்காட்சிக்கு என்று ஒருவர் கேட்டபோது நானும் மறுத்துவிட்டேன். எழுதக் கற்றுக்கொடுப்பவன் மறைக்கவும் கற்றுக்கொடுப்பது விசித்திரந்தான். ஆனாலும் பாட்டிமார் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றிற்று. பாம்புச் சட்டை நோட்டுக்கும் அலை நோட்டுக்கும் இந்தத் தடை இல்லை.

எங்கள் வகுப்பில் படித்து, சான்றிதழுக்காக இரண்டு வருஷம் அலைந்து, கடைசியில் ஆய்வகப் பயிற்சி முடித்து, இன்று ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் பெண் ஒருத்தி சென்ற வருஷம் வந்திருந்தாள். கண்ணாடிக் குழாயைச் சாய்த்துப் பார்க்கும் வேலை அவளுக்கு உண்மையாகவே கிடைத்திருக்கிறது. நான் பெருமையோடு பேசிக்கொண்டு போனதை முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “சார், பாம்பு எங்களுக்குத் தெரியும். கணக்குதான் தெரியாது. கோர்ஸ்ல சேர்ந்தப்போ கரைசல் கணக்கு போடத் தெரியாம நான் அழுதேன். நீங்க எங்களுக்குத் தெரிஞ்சதையே திரும்பச் சொல்லிக் கொடுத்தீங்க.” தெரிந்ததிலிருந்து தொடங்காவிட்டால் நீ வகுப்பிலேயே உட்கார்ந்திருக்க மாட்டாய் என்று நான் சொன்னேன். “தொடங்கினது சரி சார், அங்கேயே நின்னுட்டீங்க” என்றாள். செதிள் எண்ணியது கணக்கு அல்லவா என்றேன். அது எண்ணுதல், விகிதம் அல்ல என்றாள். இந்த வாதம் இன்னும் முடியவில்லை. எனக்குச் சாதகமான சில காரணங்கள் பின்னால் தோன்றின, அவற்றை அவளுக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறேன்.

இதற்கிடையில் ஏற்பாடு மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் இரண்டு மணி நேரம் அவள் வந்து விகிதமும் சதவீதமும் நடத்துகிறாள். என்னுடைய வகுப்பு அதற்குப் பின். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு பாடமும் கிடையாது. அன்றைக்குப் பெரிய பிள்ளைகள் குடியிருப்பிலுள்ளவர்களுக்குத் தாசில்தார் ஆபீசுக்குச் சான்றிதழ் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார்கள். காலை வகுப்புக்கே கூட்டம் அதிகம் என்பதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.